கண்ணாடி ஏறும்வரை கணக்கை மூடாதீர்கள்: கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் கோரிக்கைச் சாசனம்

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கங்களுக்கும், ஊர் ஊராக முகாம் போடும் மருத்துவமனைகளுக்கும், கண்ணாடிக் கடைக்காரர்களுக்கும், தமிழ்நாட்டில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் அவர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போனவர்களும் வைக்கும் கோரிக்கைகள் இவை.

கேட்பது ஒன்றுதான், மற்றவை அதன் கிளைகள். ஆபரேஷன் முடிந்த நாளோடு எங்கள் பெயருக்கு நேராக டிக் போட்டுக் கணக்கை மூடாதீர்கள். கண் ஆறி, பவர் ஓர் அளவில் நின்று, அதற்கேற்ற கண்ணாடி எங்கள் மூக்கில் ஏறிய பிறகு மூடுங்கள்.

முதலில் நன்றிக் கடனைத் தீர்த்துவிடுகிறோம். பார்வையிழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டம் 1976இல் வந்தது. அதே ஆண்டுதான் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அன்றைய ஆபரேஷனில் புரை விழுந்த லென்ஸை எடுத்துவிடுவார்கள். உள்ளே வேறெதுவும் வைக்க மாட்டார்கள். எடுத்த லென்ஸின் வேலையை வெளியிலிருந்து சோடாபுட்டிக் கண்ணாடி செய்தது. ப்ளஸ் பத்துக்கு அக்கம்பக்கத்தில் பவர். போட்டால் எல்லாம் பெரிதாகத் தெரியும், ஓரம் வளையும், படி இறங்கும்போது கால் தவறும். கீழே விழுந்து உடைந்தால் மறுபடியும் இருட்டு. அதில் ஒரே ஒரு நன்மை இருந்தது. கண்ணாடி கொடுக்காமல் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

1992இல் மதுரையிலேயே அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் உள்விழி லென்ஸை மலிவாகச் செய்யத் தொடங்கியது. உலக வங்கி உதவியோடு 1994இல் ஏழு மாநிலங்களில் தொடங்கிய கண்புரைத் திட்டத்தில் தமிழ்நாடும் இருந்தது. கூலிக்காரர் கண்ணிலும் லென்ஸ் ஏறியது, சோடாபுட்டி ஒழிந்தது. ‘லென்ஸ் வெச்சாச்சு, இனிமே கண்ணாடியே வேணாம்’ என்ற பேச்சும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் குறை அந்தப் பேச்சிலிருந்து தொடங்குகிறது.

முகாம்களில் எங்களுக்கு வைக்கும் லென்ஸ் பெரும்பாலும் ஒற்றைக் குவிய லென்ஸ். கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து, தூரப் பார்வைக்கென்று பவர் கணக்குப் போட்டு வைக்கிறார்கள். நல்ல கணக்குத்தான். பஸ்ஸின் போர்டு தெரிகிறது, எதிரே வருபவர் முகம் தெரிகிறது. ஆனால் சிறு வயதில் எங்கள் சொந்த லென்ஸ் கிட்டத்துக்கு உப்பியும் தூரத்துக்குத் தட்டையாகியும் வளைந்து கொடுத்ததே, அதை இந்த லென்ஸ் செய்யாது. கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதைப் பார்க்க ப்ளஸ் இரண்டரையோ மூன்றோ ஒரு கண்ணாடி வேண்டியிருக்கிறது. தூரத்துக்கும் சிலருக்குக் கொஞ்சம் பாக்கி நிற்கும், குறிப்பாக சிலிண்டர் பவர். இது யாருடைய தவறும் இல்லை. ஆபரேஷனுக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டால் ‘ஆபரேஷன் ஃபெயிலாயிருச்சு’ என்று பாதிப் பேர் பயப்பட மாட்டோம்.

அந்தக் கண்ணாடியை மறுநாளே ஏன் எழுத முடியாது என்பதும் எங்களுக்குப் புரிகிறது. கட்டுப் பிரித்த அன்று கருவிழி கொஞ்சம் வீங்கியிருக்கும். வெட்டிய இடம் ஆற ஆற கருவிழியின் வளைவு மாறும். வெட்டு மேல்பக்கம் இருந்தால், அது ஆறும்போது நெடுக்குவாட்டு வளைவு தளர்ந்து சிலிண்டர் பவரின் அளவும் கோணமும் நகரும். உள்ளே வைத்த லென்ஸைச் சுற்றிப் பழைய லென்ஸின் உறை சுருங்கிப் பிடிக்கும்வரை லென்ஸும் ஒரு மயிரிழை முன்னே பின்னே நகர்ந்துதான் உட்காரும். இந்த நகர்வு நிற்பதற்குள் எழுதிய கண்ணாடி, ஒரு மாதத்தில் தலைவலிக் கண்ணாடியாகிவிடும்.

கண்ணாடித் தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதுங்கள்

எல்லாருக்கும் ‘ஆறு வாரம் கழிச்சு வாங்க’ என்று ஒரே ரப்பர் ஸ்டாம்ப் குத்துவதை நிறுத்த வேண்டும். ஊரார் லேசர் என்று சொல்லும் ஃபேகோ ஆபரேஷனில் வெட்டு இரண்டரை மில்லிமீட்டர்தான் இருக்கும். சிக்கலில்லாத கண் பலருக்கு இரண்டே வாரத்தில் நிலைத்துவிடுகிறது. நான்காம் வாரம் கண்ணாடி எழுதத் தயங்க வேண்டியதில்லை. முகாம்களில் அதிகம் நடக்கும் தையலில்லாச் சிறுவெட்டு ஆபரேஷனில் வெட்டு ஆறேழு மில்லிமீட்டர். நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுப்பது நியாயம். பழைய முறையில் பெரிதாகத் திறந்து தையல் போட்ட கண்ணில் தையலே கருவிழியை இழுத்துப் பிடித்திருக்கும். தேவையான தையலை எடுத்துவிட்டு, எட்டு வாரம், சில சமயம் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். நிலைக்காத கண்ணுக்கு அவசரப்பட்டு எழுதுவது ஒரு தவறு என்றால், மூன்றாம் வாரமே நிலைத்த கண்ணை வேலைவெட்டி இல்லாமல் இன்னும் மூன்று வாரம் உட்கார வைப்பதும் தவறுதான்.

எந்த ஆபரேஷன், எந்தப் பவர் லென்ஸ், தையல் உண்டா இல்லையா, கண்ணாடிக்கு எந்த வாரம் வர வேண்டும் என்ற நான்கும் சீட்டில் தமிழில் இருக்க வேண்டும். சந்தேகமுள்ள கண்ணுக்கு நாட்காட்டியை நம்பாமல், ஒரு வார இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒத்துப்போனால் எழுதுங்கள்.

ஒரு விஷயத்தை நாங்களாகவே ஒப்புக்கொள்கிறோம். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் 40 மருத்துவமனைகளைப் பார்த்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஆபரேஷன் முடிந்த சில நாட்களில் எடுக்கும் பார்வை அளவே ஒரு மருத்துவமனையின் தரத்தை மதிப்பிடப் போதும் என்றது அது. சரி, மருத்துவமனைக்கு மார்க் போட அது போதும். கண்ணாடி வேண்டியது மருத்துவமனைக்கா, எங்களுக்கா?

இடைப்பட்ட வாரங்களுக்கு ஒரு ரெடிமேட் கண்ணாடி

பீடி சுற்றுபவருக்கும் தையல்காரருக்கும் ஆறு வாரம் என்பது ஆறு வாரக் கூலி. டிஸ்சார்ஜ் ஆகும்போது சொட்டு மருந்தோடு ப்ளஸ் இரண்டரையில் ஒரு ரெடிமேட் கண்ணாடியும் கையில் கொடுங்கள். தூரப் பார்வை ஓரளவு சரியாக வந்தவர்களுக்கு அது தற்காலிகமாகப் போதும். ‘தப்பான பவர் போட்டா ஆபரேஷன் பண்ண கண்ணு கெட்டுப்போயிரும்’ என்ற பயத்தையும் நீங்களே போக்க வேண்டும். பொருந்தாத கண்ணாடியால் தலை வலிக்கும், கண் சோரும், கண் கெடாது.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கிட்டப் பார்வை உண்டு

சாசனத்தில் எங்களுக்கு மிகவும் முக்கியமானது இதுதான். கொஞ்சம் விரித்தே சொல்கிறோம்.

பரிசோதனைக்குப் போனால் நடப்பது இது. சுவரில் ஆங்கில ‘ஈ’ எழுத்துப் போட்ட அட்டை தொங்கும். கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று விரலால் காட்டச் சொல்வார்கள். மூன்றாம் வரியோ நான்காம் வரியோ காட்டியாகிவிட்டது. அடுத்த கேள்வி, ‘பேப்பர் படிப்பீங்களாம்மா?’ ‘இல்ல சார், எனக்குப் படிக்கத் தெரியாது.’ அவ்வளவுதான். சீட்டில் தூரம் மட்டும் எழுதப்படும். கிட்டத்துக்கு உரிய கட்டத்தில் ஒரு கோடு. அந்த அம்மா வீட்டுக்கு வந்து முறத்தை மடியில் வைத்து அரிசி புடைக்கிறார். கல் தெரியவில்லை. மல்லிகையை நாரில் வைத்து முடிச்சுப் போடுகிறார். கை பழக்கத்தில் ஓடுகிறது, ஆனால் மொட்டும் அவிழ்ந்த பூவும் பிரித்துத் தெரியவில்லை. கடைக்காரர் முழத்துக்குக் காசு குறைக்கிறார். ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. பேத்தி பள்ளிக்கூடம் போய்விட்டால் கிழிசல் சாயங்காலம்வரை கிழிசல்தான்.

கிட்டப் பார்வையைப் படிப்போடு முடிச்சுப் போட்டது யார் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த முடிச்சில் நசுங்குவது பெரும்பாலும் பெண்கள்தான். அசாம் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும், நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்து நடத்திய ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. கண்ணாடி போட்டவர்கள் பறித்த அளவு, போடாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடியது. அவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகம் படிக்கவில்லை, கொழுந்து பறித்தார்கள்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘என்ன வேலை பார்க்கிறீங்க?’ என்பது. அடுத்தது ‘எவ்வளவு தூரத்துல வெச்சுப் பார்க்கிறீங்க?’ மடியில் பீடித் தட்டு வைப்பவருக்கும், மார்புக்கு நேரே பூத் தொடுப்பவருக்கும், தையல் மெஷினில் குனிபவருக்கும் தூரம் ஒன்றல்ல. ஒரே ப்ளஸ் மூன்றை எல்லாருக்கும் மாட்டினால் சிலர் மூக்கு முட்டக் குனிய வேண்டிவரும். பரிசோதனை மேசையில் ஓர் ஊசி, ஒரு நூல்கண்டு, ஒரு பிடி அரிசியில் நாலு கல் வைத்திருங்கள். பத்து ரூபாய்கூட ஆகாது.

ஓட்டை போட்ட தகடும் சர்க்கரை வியாதியும்

கண்ணாடி எழுதும் முன்பு ஒவ்வொருவருக்கும் பின்ஹோல் வைத்துப் பாருங்கள். சிறு துளைகள் போட்ட ஒரு கறுப்புத் தகடு, அவ்வளவுதான். அதன் வழியே பார்த்து வரிகள் கூடுதலாகத் தெரிந்தால் மிச்சமுள்ள குறை கண்ணாடியால் தீரக்கூடியது. தெரியாவிட்டால் கண்ணாடி மாற்றி மாற்றிப் போடுவது வீண். கண்ணுக்குள்ளே வேறு காரணம் இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி வீங்குவது அப்படி ஒரு காரணம். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துத் தலைகாட்டும் வீக்கம் அது. கண்ணாடித் தேதியும் அதே நேரத்தில் வருவதால் வீக்கத்தைப் பவர் மாற்றமென்று எண்ணிவிட இடமிருக்கிறது. சர்க்கரைக்காரர்களின் சீட்டில் தனி அடையாளம் வையுங்கள். பின்ஹோலில் தேறாத கண்ணை மருந்து ஊற்றி உள்ளே பார்க்காமல் கண்ணாடிக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

மாதங்களோ வருஷங்களோ கழித்து லென்ஸுக்குப் பின்னால் உள்ள உறை மங்கினாலும் இதே கதைதான். புரை மறுபடி வளர்ந்துவிட்டது என்று நினைத்து நாங்கள் கண்ணாடி மாற்ற ஓடுகிறோம். யாக் லேசரில் சில நிமிஷ வேலை அது. ஆபரேஷன் அன்றே இதை ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும்.

ஒரு கண் முடிந்து மறு கண் காத்திருப்போர்

ஒரு கண்ணில் லென்ஸ் வைத்தாயிற்று. மற்றதில் புரையோடு பெரிய மைனஸ் பவரும் இருக்கிறது. இரண்டுக்கும் மூன்று பவர் வித்தியாசம் வந்துவிட்டால் கண்ணாடியில் உருவம் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் விழும், தலை சுற்றும். இப்படிப்பட்டவர்களுக்குப் ‘பழைய கண்ணாடியையே போட்டுக்குங்க’ என்பது பதிலாகாது. மறு கண் தேதியை முன்னுக்குத் தள்ளுங்கள். அது ஒரு மாதத்துக்குள் என்றால் நிரந்தரக் கண்ணாடியை நிறுத்தி வையுங்கள்; அதுவரை பழைய ஃபிரேமில் ஆபரேஷன் செய்த பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு பவரில்லாத கண்ணாடி போட்டுத் தாருங்கள். மாதக்கணக்கில் தள்ளிப்போகும் என்றால் அதைச் சாக்காக வைத்து எங்களை வெறும் மூக்கோடு விடாதீர்கள்.

கண்ணாடிக் கடைக்காரர்களிடம்

‘கம்ப்யூட்டர் கண் பரிசோதனை இலவசம்’ என்ற போர்டைப் பார்த்து எங்களில் பலர் உள்ளே நுழைகிறோம். மெஷின் துப்பும் சீட்டு ஓர் ஆரம்பம்தான். டிரையல் ஃபிரேமில் லென்ஸ் போட்டு, ‘இது நல்லாருக்கா, அது நல்லாருக்கா’ என்று கேட்டு, கொஞ்சம் நடக்கவிட்டுப் பார்க்காமல் கண்ணாடி வெட்டாதீர்கள். ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம்கூட ஆகாதவரிடம் ஆர்டர் வாங்காதீர்கள். சிலிண்டரின் ஆக்சிஸ் சில டிகிரி பிசகினாலும் தரை சாய்ந்து தெரியும். எழுபது வயதுக்காரருக்கு முதன்முதலாக பைஃபோக்கல் கொடுத்தால் படியில் இறங்கும்போது கீழ்ப்பாதி வழியே பார்க்கக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். தடுமாறும் நடையுள்ளவருக்குத் தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என்று தனித்தனிக் கண்ணாடியே மேல்.

பார்வைக் கண்ணாடிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடு. குறைந்த வரி எங்கள் பில்லிலும் தெரிய வேண்டும்.

பரிசோதனை எங்கள் பக்கத்துக்கு வரட்டும்

ஆபரேஷனுக்கு வேன் வருகிறது. ஊரோடு ஏற்றிக்கொண்டு போய், சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. கண்ணாடிக்கு வேன் வருவதில்லை. அதற்கு நாங்களே பஸ் ஏற வேண்டும். பெண்களுக்கு இலவசப் பயணம் உண்டு, சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டும். மாவட்டத் தலைநகருக்குப் போகும் வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். துணைக்கு வரும் மகனுக்கு ஒரு நாள் கூலி போகும். மாதம் 1200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது என்ன? கண்ணாடிக்கு வராமல் போகிறவர்களை ‘அக்கறை இல்லாதவங்க’ என்று ரெஜிஸ்டரில் எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளர்கள் இருக்கிறார்கள். பவர் பார்க்கவும் பின்ஹோல் வைக்கவும் அவர்களுக்குத் தெரியும். மருத்துவமனை அனுப்பும் பட்டியலை வைத்துக்கொண்டு நான்காம் வாரமும் ஆறாம் வாரமும் அவர்களே எங்களைக் கூப்பிட்டுப் பார்க்கட்டும். சிக்கலான கண்ணை மட்டும் மேலே அனுப்பட்டும். கண்ணாடியும் அங்கேயே வந்து சேரட்டும். முகாம் போட்ட இடத்துக்கு அதே வேன் ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை வந்தாலும் சரிதான்.

கணக்கை மாற்றி எழுதுங்கள்

‘இத்தனை ஆயிரம் ஆபரேஷன்’ என்ற எண்ணோடு ஆண்டறிக்கை முடிகிறது. நாங்கள் கேட்பது அடுத்த பத்தி: அத்தனை பேரில் எத்தனை பேர், தாம் போட்டிருக்கும் கண்ணாடியோடு, அல்லது கண்ணாடியே இல்லாமல் வந்தால் அப்படியே, எந்த வரிவரை பார்த்தார்கள்? சிறந்த கண்ணாடி போட்டால் இவ்வளவு தெரியும் என்ற எண் டாக்டருக்கு உதவும். அந்தக் கண்ணாடி இல்லாதவருக்கு அது பயன்படாது. 6/18, அதாவது நல்ல கண் 18 மீட்டரில் பார்ப்பதை 6 மீட்டரில் பார்க்க முடிந்தால், நல்ல பலன் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் இப்போது 6/12 தெரிவதையே பலனுள்ள ஆபரேஷனாக எண்ணுகிறது. உலக சுகாதாரப் பேரவை 2021இல் இரண்டு இலக்குகளை ஏற்றது: 2030க்குள் பலனுள்ள கண்புரை ஆபரேஷன் சென்று சேர்வது 30 விழுக்காட்டுப் புள்ளிகள் கூட வேண்டும், பவர் குறைக்குச் சரியான கண்ணாடி சென்று சேர்வது 40 புள்ளிகள் கூட வேண்டும். ஆபரேஷன் ஆன கண்ணுக்கு ஒரு நல்ல கண்ணாடி கொடுத்தால் இரண்டு இலக்குக்கும் ஒரே கல்.

மானியம் வாங்கும் மருத்துவமனைகளுக்கு ஒரு பங்கை நிறுத்தி வைத்து, கண்ணாடி அளவு பதிவான பிறகு விடுவியுங்கள். ‘அனைத்தும் இலவசம்’ என்று அடிக்கும் முகாம் நோட்டீஸில், கண்ணாடி அந்த ‘அனைத்தில்’ உண்டா என்பதையும் அச்சிடுங்கள். இல்லையென்றால் இல்லை என்றே போடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம்.

எங்கள் பங்கு

சொட்டு மருந்தை வலி நின்றதும் நிறுத்தாமல், சொன்ன வாரம்வரை குறைத்துக் குறைத்து விடுகிறோம். டிஸ்சார்ஜ் சீட்டை ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்துகிறோம். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ‘இதுல நல்லாத் தெரியுது’ என்று அதையே வைத்துக்கொள்வதை விட்டுவிடுகிறோம். பதிலுக்கு ஓர் எச்சரிக்கையைச் சீட்டின் தலையில் சிவப்பில் போடுங்கள்: கண் வலித்தாலோ, சிவந்தாலோ, வந்த பார்வை திடீரென்று மங்கினாலோ கண்ணாடித் தேதிவரை காத்திருக்காமல் அன்றே வர வேண்டும். அப்படி வந்தவரை வாசலில் ‘உங்க தேதி அடுத்த மாசம்’ என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பதை வாசலில் உள்ளவருக்கும் சொல்லி வையுங்கள்.

இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் பதில் வேண்டும். பெரிய எழுத்தாக இருக்கட்டும். எங்களில் பலருக்கு இன்னும் கண்ணாடி வந்து சேரவில்லை.